நாற்பத்தோராம் குப்பி

ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, மாதிரிகளை எத்தனை பாகையில் உறையவைப்பது, எந்தத் தட்டில் எத்தனை துளி விடுவது என்பதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். நான் ஓய்வுபெறுவதற்கு முன்பே கருவிகள் மாறத் தொடங்கிவிட்டன. ஆகவே அவற்றைப் பற்றி எழுதப் போவதில்லை. மெல்பேர்ணில் ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தேன். அங்கே நான் செய்த ஒரு பிழையைச் சொல்லவேண்டும். விடைபெற்ற நாளில் கேக் வெட்டும்போதே சொல்லியிருக்கலாம். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு வாய் வரவில்லை.

எண்பத்துநான்கில் இலங்கையிலிருந்து வந்தேன். முதல் சில வருடங்கள் மல்கிரேவில் ஒரு தொழிற்சாலையில் போத்தல் மூடிகள் சரியாக இறுகியிருக்கின்றனவா என்று பார்த்தேன். ஊரில் படித்த ஆய்வுகூடப் படிப்பை இங்கே ஏற்றுக்கொள்ள வைத்து, பரீட்சை எழுதி, ஆஸ்பத்திரி வேலைக்குப் போனபோது முப்பத்தைந்து தாண்டியிருந்தேன். எங்கள் பேராசிரியை உயரமான வெள்ளைக்காரப் பெண்மணி. சத்தம் போடமாட்டார். சேர்ந்து இரண்டாவது மாதம் ஒரு பெட்டி மாதிரிகளைக் கைதவறி விழுத்தி உடைத்துவிட்டு, அவருடைய கதவைத் தட்டி, “நான்தான் உடைத்தேன்” என்று சொன்னேன். அவர் என்னை உட்காரவைத்து, உடைந்த ஒவ்வொரு குப்பிக்கும் உரிய பெண்ணின் அறுவைச் சிகிச்சை நாளைப் பதிவேட்டில் தேடி எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும், “எங்களுக்காக இவர்களுடைய வயிற்றை இன்னொரு முறை திறக்க முடியாது. அதை மட்டும் நினைவில் வைத்திரு” என்றார். வேலை போகவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த அறையில் யாரும் கடிக்கமாட்டார்கள் என்று எனக்கு ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும்தான் பிறகு நடந்தது நடந்தது.

நாங்கள் பார்த்த நோய் எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்ளே மாதாமாதம் வளர்ந்து உதிரும் சவ்வைப் போன்ற ஒன்று, இருக்கக்கூடாத இடங்களில் ஒட்டிக்கொண்டு வளரும். சூலகத்தில், குடலுக்கு மேல், வயிற்றின் உட்சுவரில் எங்கும் இருக்கும். உடம்பின் காவல் அணுக்கள் அதைத் துப்புரவாக்கவென்று வந்து கூடும். கூடியவை சும்மா இருப்பதில்லை. இரசாயனச் சமிக்ஞைகளை விட்டு இன்னும் ஆட்களைக் கூப்பிடும். இன்டர்லூகின் என்றும் வேறு பெயர்களாலும் நாம் சொல்கிற அந்தச் சமிக்ஞைகள் அழற்சியைக் கிளப்பும், புது இரத்தக்குழாய்களுக்கு வழிவிடும், நரம்புகளை எரிச்சலூட்டும். துரத்த வந்தவர்களே எதிரிக்குச் சோறு போட்ட மாதிரி. தொப்புளுக்குக் கீழே சிறு துளையிட்டு உள்ளே பார்க்கும்போது, வயிற்றறையில் தேங்கி நிற்கும் சிறிதளவு நீரை எடுத்து எங்களுக்குத் தருவார்கள். அதில் அந்தச் சமிக்ஞைகள் எவ்வளவு இருக்கின்றன என்று அளப்பது என் வேலை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், நோய்த்திட்டுகள் கண்ணுக்கு எவ்வளவு அதிகமாகத் தெரிகின்றனவோ அவ்வளவுக்குச் சமிக்ஞையும் ஏறும் என்று ஒரு படம் எங்களிடம் உருவாகிக்கொண்டிருந்தது. புள்ளிகள் ஒழுங்காக மேலே ஏறிப்போகும் அழகான படம். வெளியூர் மகாநாடு ஒன்றுக்கு அதன் சுருக்கத்தை அனுப்பவேண்டியிருந்தது.

அந்த நாட்களில்தான் சிவகௌரி வந்தாள். இருபத்தெட்டு வயது. கலியாணம் கட்டி நாலு வருடம், பிள்ளை இல்லை. மாதத்தில் பத்து நாள் எழும்ப முடியாத வயிற்று நோ. தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைக்காத நாட்களில் என்னைக் கீழே நோயாளர் பிரிவுக்குக் கூப்பிடுவார்கள். அவளுடைய சம்மதப் பத்திரத்தை நான்தான் தமிழில் சொல்லி விளங்கப்படுத்தினேன். ஆராய்ச்சிக்குக் கொஞ்ச நீர் எடுப்பார்கள் என்றதும் கேட்டாள்: “அதைப் பாத்தால் எனக்கு ஏன் நோகுது எண்டு தெரியுமோ அக்கா?”

“அது ஆராய்ச்சிக்குத்தான். உங்கட வைத்தியத்துக்கு இல்லை,” என்றேன்.

“பரவாயில்லை. ஆருக்கும் பிரயோசனப்பட்டால் எடுக்கட்டும்.”

கையெழுத்து வைத்தாள். அவளுடைய நீருக்கு நாற்பத்தொன்று என்று எண்ணிட்டவளும் நான்தான். பெயர் தெரியாமல் அளக்கவேண்டும் என்பது விதி. இந்த ஒன்றில் எனக்குப் பெயர் தெரிந்திருந்தது. அதை அன்றே பேராசிரியையிடம் சொல்லி, அந்த மாதிரியை வேறொருவரிடம் கொடுத்திருக்க வேண்டும். சின்ன விஷயம் என்று விட்டுவிட்டேன்.

உள்ளே பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் நோய் மிகக் குறைந்த படியில் இருக்கிறது என்று எழுதியிருந்தார். நாலைந்து சின்னப் புள்ளிகள், சுட்டு எடுத்தாயிற்று. ஆனால் என் தட்டில் நாற்பத்தொன்று எல்லாரையும்விட உயரத்தில் நின்றது. மிக மோசமாக நோய் பரவிய பெண்களைவிட உயரம். திரும்ப அளந்தேன். அதே அளவு. சுருக்கம் வெள்ளிக்கிழமை போகவேண்டும். அன்று புதன்கிழமை. நாற்பத்தொன்றை வைத்தால் படத்தின் இடது மூலையில், எல்லாப் புள்ளிகளுக்கும் மேலே, ஒரு புள்ளி தனியாகத் தொங்கும். எடுத்துவிட்டால் கோடு நிமிர்ந்து நிற்கும். பேராசிரியை அறைக்குள் எட்டிப்பார்த்து, “படம் சுத்தமாக வந்துவிட்டதா?” என்று கேட்டார். வருடத்துக்கு வருடம் நீட்டிக்கப்படும் வேலையில் இருந்த எனக்கு, அது கேள்வியாகப் படவில்லை, கட்டளையாகப் பட்டது. “வந்துவிட்டது,” என்றேன்.

விலக்கிய மாதிரிகளை எழுதும் பதிவேட்டில் நாற்பத்தொன்றுக்கு எதிரே, “இரத்தக் கலப்பு” என்று எழுதினேன். அந்த நீரில் இரத்தம் இல்லை. வெளிறிய தேநீர் போலத் தெளிவாக இருந்தது.

ஆறு கிழமை கழித்து அவளுடைய மறுபார்வைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மற்றக் கதிரையில் கணவன் இருந்தான். கார் பாகங்கள் செய்யும் இடத்தில் வேலை. லீவு போட்டு வந்திருந்தான். அவனுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தெரியும். வைத்தியர் சொன்னதை இன்றும் சொல்லுக்குச் சொல் சொல்வேன்: “நல்ல செய்தி. நாங்கள் கண்டது மிகக் கொஞ்சம். இவ்வளவு நோவுக்கு அது காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் நோ தொடர்ந்தால் திரும்ப வரட்டும்.”

வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். மேலே என் தட்டு காத்திருந்தது. நான் தமிழில் சொன்னேன்: “பயப்பிட ஒண்டுமில்லையாம். உள்ளுக்கை பெரிசா ஒண்டும் இல்லை.”

கணவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். “கேட்டனீரே?” என்றான். கோபமாக அல்ல; களைத்துப்போன ஒருவனின் குரலில்.

அவள் என்னைப் பார்த்தாள். “அந்தத் தண்ணி எடுத்தனீங்கள் எல்லோ அக்கா. அதிலையும் ஒண்டும் இல்லையோ?”

ஆராய்ச்சி முடிவை நோயாளிக்குச் சொல்லக்கூடாது என்பது விதி. ‘அதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை’ என்றால் போதும். அது உண்மை, அது சரி. அப்படிச் சொல்லியிருந்தால் அவள் மனதில் ஒரு கேள்வியாவது உயிரோடு இருந்திருக்கும். வைத்தியர் நேரத்தைப் பார்த்தார். கணவன் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஒருவேளை பதிவேட்டில் எழுதியதை என் வாயாலும் உறுதிப்படுத்த நினைத்தேனோ என்னவோ.

“ஓம். அதிலையும் ஒண்டும் இல்லை,” என்றேன்.

அவள் தலையாட்டினாள். திரும்ப வரச் சொன்னதை நான் சொன்னேனா இல்லையா என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். சொன்னதாக நினைவில்லை.

மூன்று வருடம் போனது. படத்தை மகாநாட்டில் பாராட்டினார்கள். ஆனால் பேராசிரியை நிம்மதியாக இல்லை. கண்ணுக்குத் தெரியும் நோய் குறைவாகவும் நோ அதிகமாகவும் இருக்கும் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டேயிருந்தார்கள். ஒரு நாள், “நாங்கள் விலக்கிய மாதிரிகளில் இப்படி யாராவது இருந்தார்களா? பதிவேட்டை எடுத்து வா,” என்றார்.

பதிவேட்டை அவர் முன்னால் வைத்தேன். அவருடைய விரல் கீழே இறங்கி நாற்பத்தொன்றைத் தாண்டிப் போனது. தாண்டிப் போனதைப் பார்த்தேன். இரத்தக் கலப்பு என்பது நல்ல காரணம். எவரும் அதில் நிற்கமாட்டார்கள். நான் வாய் திறக்காவிட்டால் அத்தோடு முடிந்தது.

“அது பொய்,” என்றேன். “அந்த நீர் தெளிவாக இருந்தது. இரண்டு முறை அளந்தேன். உயர்ந்திருந்தது. படத்துக்குப் பொருந்தவில்லை என்று எடுத்தேன்.” மொழிபெயர்த்த அறையில் நடந்ததையும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். திட்டுவார் என்று நின்றேன். “சுத்தமான படம் கேட்டது நான்,” என்றார். “நீ எழுதினாய். நான் பார்க்காமல் கையெழுத்து வைத்தேன். சரி, உறைபெட்டியில் மிச்சம் இருக்கிறதா?”

இருந்தது. என்னிடம் தராமல் இன்னொருவரிடம் கொடுத்து அளப்பித்தார். அதே உயரம். அவர் அந்த நிபுணரோடு பேசினார். வயிற்றின் உட்சுவருக்குப் பின்னால் ஆழத்தில் வளரும் வகை உண்டு, மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். அவளைத் திரும்பக் கூப்பிடுவது என்று முடிவாயிற்று. கடிதம் போனது, அந்த முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. தொலைபேசியும் துண்டிக்கப்பட்டிருந்தது. பழைய கணிப்புகளைத் திருத்தி மகாநாட்டுக்காரருக்கும் பேராசிரியை எழுதினார். படம் அழகிழந்தது. அதைப் பற்றி ஒருவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. நான் எதற்காக அவ்வளவு பயந்தேன் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

கணவனும் அவளும் பிரிந்துவிட்டார்கள், அவள் சிட்னிக்குப் போய்விட்டாள் என்று கோவிலில் காதில் விழுந்தது. பேராசிரியையிடம் கேட்டு லீவு எடுத்தேன். “கண்டால், ஆஸ்பத்திரி அவளைத் திரும்பப் பார்க்க விரும்புகிறது என்று மட்டும் சொல்,” என்றார் அவர். “வேறு யாரிடமும் காரணம் சொல்லாதே.”

பிரிந்துபோன ஒரு பெண்ணை எங்கள் சனத்துக்குள் விசாரிப்பது எளிதல்ல. கேட்ட கேள்வியே கதையாகிவிடும். சிட்னியில் எங்கள் சனம் கூடுதலாக இருக்கும் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனில் இறங்கி, முதல் கடையில், பழைய சிநேகிதி என்று சொல்லிக் கேட்டேன். மூன்றாவது கடையில் இருந்தவர், “மெல்பேர்ணிலை இருந்து வந்த பிள்ளையோ? அங்காலை சாப்பாட்டுக்கடையிலை நிக்குது,” என்றார்.

குசினியில் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு மற்றக் கையால் பிசைந்தாள். உடம்பு மெலிந்து, முகம் ஊதியிருந்தது. என்னைக் கண்டதும் சிரித்தாள். “அக்கா, நீங்கள் எங்கை இஞ்சை?”

“உங்களைத்தான் பாக்க வந்தனான். நோ எப்பிடி?”

“முந்தினமாதிரி இல்லை. பழகீட்டுது. இடுப்பிலை மட்டும் ஒரு பாரம் கிடக்கு. நிண்டு வேலை செய்யிறதுதானே.” மாவைத் திருப்பிப் போட்டாள். “ஒண்டும் இல்லாததுக்கு நோகுது எண்டு சொன்னால் ஆர் நம்புவினம்? நானே நம்புறதில்லை. மனம்தான் எண்டு அவர் மனநோய் பாக்கிற ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர். அதுவும் சரிவரேல்லை.”

பேராசிரியை சொன்னதை மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அவள் வந்திருக்கமாட்டாள். ஒன்றுமில்லாத வயிற்றைத் திரும்பக் காட்ட ஒரு நாள் சம்பளத்தை விட்டு யார் வருவார்கள்?

“அண்டைக்கு நான் உங்களுக்குப் பொய் சொன்னனான்,” என்றேன். “அந்தத் தண்ணியிலை ஒண்டும் இல்லை எண்டு சொன்னன். இருந்தது. நிறைய இருந்தது.”

கை நின்றது. “ஏன்?”

“எங்கட படத்துக்கு அது ஒத்துவரேல்லை,” என்றேன்.

அவளுக்கு அது விளங்கியிருக்காது. எனக்கே விளங்காததை அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? கையில் ஒட்டிய மாவை வழித்துச் சட்டியில் போட்டாள். பிறகு, “அப்ப எனக்கு உண்மையா நொந்தது,” என்றாள். கேள்வியா இல்லையா என்று தெரியவில்லை.

“ஓம்.”

அடுத்த கிழமை சிட்னியிலேயே ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனாள். எங்கள் பேராசிரியை அங்குள்ளவர்களோடு பேசி ஒழுங்குசெய்தார். ஸ்கான் எடுத்தார்கள். நோய் ஆழத்தில் வளர்ந்து, இடது சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயைச் சுற்றி இறுக்கியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக இறுகியதால் சத்தமில்லாமல் நடந்துவிட்டது. சிறுநீரகம் செத்துப் பலகாலம். அதை எடுத்தார்கள். கூடவே ஒரு சூலகத்தையும் கருப்பையையும் எடுக்கவேண்டி வந்தது.

ஒரு விஷயத்தில் உங்களை நான் ஏமாற்றக்கூடாது. அந்த நீரில் கண்ட அளவை வைத்து ஒருத்திக்கு என்ன நோய், எங்கே என்று சொல்ல முடியாது. அன்றும் முடியாது, நான் ஓய்வுபெறும் வரைக்கும் முடியவில்லை. நான் அந்த எண்ணை மறைக்காவிட்டால் சிறுநீரகம் தப்பியிருக்கும் என்று எவரும் சத்தியம் பண்ணமாட்டார்கள். இதைப் பேராசிரியையிடமும் கேட்டேன். என்னைச் சமாதானப்படுத்துவார் என்று நினைத்துக் கேட்டேன். “அந்த எண் எங்களுக்குப் பதில் தந்திருக்காது,” என்றார். “ஆனால் இன்னொரு கேள்வி கேட்க வைத்திருக்கும். அந்தக் கேள்வியைத்தான் நாங்கள் அழித்தோம்.” நாங்கள் என்றார். அந்தச் சொல்லுக்காக அவரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். பொருந்தாத புள்ளியைக் கண்டால் அதை எடுப்பதற்கு முன் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். தனியாக இருந்து எடுக்கும் முடிவுதான் ஆபத்தானது.

அறுவைச் சிகிச்சை முடிந்து ஒரு மாதத்தில் அவளைப் பார்க்கத் திரும்பப் போனேன். தமக்கை வீட்டில், சுவரோடு சாய்ந்து இருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். அதை விட்டுவிட்டு அவள் வேறொன்று கேட்டாள்.

“எனக்கு ஒரு உதவி செய்யேலுமோ? அவர் இன்னும் மெல்பேர்ணிலை, ரோவிலிலைதான் இருக்கிறார். வேறை கலியாணம் கட்டீட்டார். நான் திரும்பிப் போறதுக்கு இல்லை. அவருக்கு ஒருக்காச் சொல்லுங்கோ, எனக்கு உண்மையாத்தான் நொந்தது எண்டு. நான் நடிக்கேல்லை எண்டு. நான் சொன்னால் நம்பமாட்டார். நீங்கள் சொன்னால் நம்புவார்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரோவிலுக்குப் போனேன். அவன்தான் கதவைத் திறந்தான். என்னை அடையாளம் கண்டு, உள்ளே இருக்கச் சொன்னான். புது மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஏதோ புரிந்தவளாக உள்ளே போய்விட்டாள். சிவகௌரி சொல்லச் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன். என் பொய்யையும் சொன்னேன். கேட்டு முடியும்வரை தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

“டொக்டர் இங்கிலிசிலை சொன்னது எனக்கு அரைவாசிதான் விளங்கினது,” என்றான் பிறகு. “நோ தொடர்ந்தால் வரச் சொன்னமாதிரி இருந்தது. நீங்கள் ஒண்டும் இல்லை எண்டு சொன்னீங்கள். படிச்ச ஆள், அதுக்குள்ளையே வேலை செய்யிற ஆள், எங்கட ஆள். உங்கட வாயாலை கேட்டதைத்தான் நான் நம்பினனான். நீங்கள் மட்டும் அப்பிடிச் சொல்லாட்டி நான் அவவை நம்பியிருப்பன் அக்கா. அதுக்கு முதல் நாலு வருசமும் நம்பினனான்தானே.”

தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

அவளுக்கு என்ன சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். அவன் அழுதான், வெட்கப்பட்டான், மன்னிப்புக் கேட்டான் என்று ஏதாவது சொல்லலாம். ஆறுதலாக இருக்கும். எனக்கும் இலேசாக இருக்கும். ஆனால் அவள் விஷயத்தில் ஆறுதலுக்காக ஒன்றைக் குறைத்துச் சொல்லும் உரிமையை நான் எப்போதோ இழந்துவிட்டேன். ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் திரும்ப வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். அவன் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் சொன்னேன். இந்தமுறை ஒரு சொல்லும் சுருக்கவில்லை.

மறுபக்கத்தில் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது.

“இவ்வளவு காலமும்,” என்றாள் மெதுவாக, “நான் அவரைத்தான் கோவிச்சுக்கொண்டு இருந்தனான்.”

அவள் திட்டவில்லை. “அடுப்பிலை எண்ணெய் கிடக்கு, போனை வைக்கிறன்,” என்றாள். வைத்தாள்.